எள்ளளவு தள்ளி

திங்கள் இரவு போனில் ஆர்டர் போட்டேன்.
வியாழக்கிழமை வந்தது.
அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி,
அதற்குள் குமிழித்தாள்,
அதற்குள் அரைச்சாணுக்குச் சற்றே கூடுதலாய்
ஒரு பச்சைப் பட்டை. எட்டு ஜிபி ராம்.
மகன் குமிழிகளை உடைத்து முடிக்குமுன்
தெரிந்துவிட்டது.
என் போர்டின் மேடு இங்கே,
இதன் பள்ளம்
ஒரு எள்ளளவு தள்ளி, அங்கே.
அழுத்திப் பார்த்தேன்.
வீட்டுக்காரர் அழுத்திப் பார்த்தார்.
அழுத்தினால் உடையும் என்று தெரிந்தும்
இன்னொரு முறை அழுத்தினேன்.

திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது திரை.
பொருள் சேதம். தவறான பொருள். மனம் மாறிவிட்டது.
எனக்கு எது வேண்டுமென்று
எனக்கே தெரியவில்லை என்பது
பட்டியலில் இல்லை.
மனம் மாறிவிட்டது என்று தொட்டேன்.
மாறவெல்லாம் இல்லை.

பாபு ராவ் தெருவில் என் கடை.
வங்காளத்தில் எழுதிய பலகை, நான் வாசிக்கத் தெரியாதது.
ஸ்கேன் ரிப்போர்ட், ரயில் டிக்கெட்,
லாட்ஜுக்கு ஆதார் நகல்.
ஒரு பக்கம் திறப்பதற்குள்
எதிர்க்கடையில் டீ வாங்கி ஆற்றிக் குடித்துவிடலாம்.
வெள்ளியன்று அதுவும் போயிற்று:
மூன்று முறை கூவிவிட்டு
கறுத்து நின்றது.

கேபினட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் பாலாற்றுப் பாலம் தாண்டி,
காட்பாடி, சித்தூர் பஸ் நிற்குமிடத்துக்கு அடுத்த சந்து.
மாடிப்படிக்குக் கீழே தஸ்தகீர் கடை.
கேபிள்கள் தொங்கும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று
விலை தேடினேன்.
கண்ணாடி அலமாரியில் என் போன் வெளிச்சம்.

"இன்னாமா, எவ்ளோ காட்டுது?"

சொன்னேன்.

"நம்மகிட்ட கூடத்தான். அத்த அப்புறம் பேசலாம்,
மொதல்ல பெட்டிய மேல வையி."

பழைய ராமை உருவினார்.
அதன் தங்கப் பற்களை
பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால்
இரண்டு பக்கமும் தேய்த்தார்.
செருகினார். திரை வந்தது.
தன் டப்பாவிலிருந்து ஒரு ராமை எடுத்துக் கூடவே போட்டு
என் ஃபைலைத் திறக்கச் சொன்னார்.
அதே டீ நேரம்.
கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.
"ராம் உனக்கு எதுக்கு? டிஸ்க்குதான் இழுத்துகினு கீது.
காத வெச்சி கேளு."
வைத்தேன். உள்ளே
யாரோ அரிசியில் கல் பொறுக்கும் சத்தம்.

இதற்கிடையில் ஒரு காலேஜ் பையன்
கிராபிக்ஸ் கார்டை எடுக்கச் சொல்லி, எடை பார்த்து,
கேபினட்டுக்குள் நீளம் பொருந்துமா என்று
அளந்து காட்டச் சொல்லி,
பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு
"வர்றேண்ணா" என்று போனான்.
தஸ்தகீர் அட்டையைத் துடைத்து
இருந்த இடத்திலேயே வைத்தார்.
நான் என் போனைக் கைப்பைக்குள் போட்டேன்.

எஸ்எஸ்டி மாட்டி, எல்லாம் ஏற்றி முடிக்க
இரண்டரை மணி நேரம்.
பில் கையால் எழுதினார், முத்திரை குத்தினார்.
"மூணு வருஷம் வாரண்டி. கம்பெனிக்கு அனுப்பறது என் தலவலி.
நீ இங்க வந்தா போதும்."
பழைய டிஸ்க்கை செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.
"போட்டோ கீட்டோ இருக்கும், தூக்கிப் போட்டுடாத."

அன்றிரவு பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியுமா:
போனில் முந்நூற்று நாற்பது ரூபாய் குறைவு.
ரப்பருக்கு எவ்வளவு, காதுக்கு எவ்வளவு,
விற்காமல் விட்ட ராமுக்கு எவ்வளவு என்று
பில்லில் பிரித்து எழுதவில்லை.
கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது.

ஆனால் அது இரவில்.
திரும்பும் ஆட்டோவில்
ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஓர் அம்மாள்,
மூன்று நாள் ரயில் கசங்கிய பருத்திச் சேலை,
மடியில் எக்ஸ்ரே உறை,
என் மடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.
பாலத்தின் நடுவில், மணல் வெயிலில் மின்ன,
இந்தியில் கேட்டார்:
"டீக் ஹோ கயா?"

ஆயிற்று என்று தலையாட்டினேன்.
அவரும் தலையாட்டிக்கொண்டார்,
உறையை இன்னும் கொஞ்சம்
நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.